அருளப்பன் அழித்த பூச்சியம்

செய்தி லொறியில் வந்தது. வட்டவளைப் பக்கமிருந்து தேயிலைப் பெட்டிக்கான பலகை ஏற்றி வருகிற லொறி அது. கொத்மலையில் நான் இப்போது வேலை பார்க்கும் தோட்டத்துத் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றதும், சாரதி இறங்கித் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். வழக்கமாகப் பாட்டும் பேச்சுமாக இறங்குகிறவர். "ஐயா, நம்ம அருளப்பண்ணே போயிட்டாருங்க. நேத்து சாயங்காலம். சல்லடைகிட்ட உக்காந்திருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். "எந்த அருளப்பன்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த அருளப்பன் ஒரே ஒருவர்தான். இருந்தும் கேட்டேன். வேறொருவராக இருக்கக்கூடாதா என்ற நப்பாசைதான், வேறென்ன.

அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் மனைவி மேரியக்கா என்னைப் பார்த்து அழவில்லை. "தம்பி, முப்பதாம் நாள் பூசைக்கு எல்லாரும் வருவாங்க. நீங்க ரெண்டு வார்த்தை எழுதிக் கொண்டாந்து வாசிங்க" என்றார். அவரை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்கிறார்களே என்றேன். "இருக்காங்க. ஆனா அவரோட நீங்க போட்ட சண்டைய வேற யாரும் போடல" என்றார். ஆகவே, அவருக்காகக் கூடியிருக்கும் உங்கள் முன்னால், அவரோடு அதிகம் சண்டை போட்டவன் என்ற ஒரே தகுதியில் இதை வாசிக்கிறேன்.

உங்களில் இளையவர்கள் அவரைச் சின்னக்கல் தோட்டத்துத் தொழிற்சாலையில் சலிக்கும் அறையின் பொறுப்பாளராகத்தான் பார்த்திருப்பீர்கள். காய்ந்து வரும் தேயிலையைச் சல்லடை சல்லடையாக விட்டு, பெரிய இலை, உடைந்த இலை, தூள் என்று தரம் பிரித்துப் பெட்டிக்கு அனுப்புவது அவர் வேலை. ஒரு சிட்டிகை அள்ளி உள்ளங்கையில் பரப்பி, விரலால் ஒதுக்கிப் பார்ப்பார். எந்தச் சல்லடையின் கம்பி தளர்ந்திருக்கிறது என்று அதை வைத்தே சொல்லிவிடுவார். தேயிலையில் மட்டுமல்ல, கூடைப்பந்தாட்டத்திலும் அவர் இதையே செய்தார். அது தெரிந்தவர்கள் இன்று குறைவு.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கு உதவி நிர்வாகியாக ஒரு சின்னத்துரை வந்தார். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடியவர். வந்த மூன்றாம் மாதமே, கொழுந்து நிறுக்கும் முற்றத்தின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, தொழிற்சாலை இரும்பு வேலைக்காரரைக் கொண்டு வளையம் அடித்து மாட்டிவிட்டார். பத்துப் பேரைப் பொறுக்கினார். சின்னக் கிளாக்கராக இருந்த நான் தலைவன். இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் மரியதாஸ் உண்டு, பண்டகசாலையில் வேலை செய்த நெட்டை ராஜு உண்டு. உத்தியோகத்தர் அல்லாதவர் ஒரே ஒருவர்தான், கருப்பையா. கொழுந்து உலர்த்தும் இயந்திரத்தின் அடுப்புக்கு விறகு போடுகிறவர். ஆறடி தள்ளி நின்று, பிளந்த கட்டையை அடுப்பு வாயின் விளிம்பில் படாமல் உள்ளே வீசுவார். அதைப் பார்த்துத்தான் சின்னத்துரை அவரைக் கூப்பிட்டார். கருப்பையாவும் வந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டு, எல்லாருக்கும் முதலில் வந்து முற்றத்தின் ஓரத்தில் நிற்பார். ஒருநாள்கூடப் பிந்தியதில்லை.

அருளப்பண்ணனையும் ஆடக் கூப்பிட்டார்கள். அது ஒரு கூத்து. பந்து வந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். முதல் நாளே மூக்கில் வாங்கி, ரத்தம் வழிய உட்கார்ந்துகொண்டு, "எனக்கு இது ஆகாதுங்க. கண்ணத் தொறந்துக்கிட்டு செய்யுற வேலையா இருந்தா குடுங்க" என்றார். கையெழுத்து நன்றாயிருக்கிறதே என்று அவரைப் புள்ளி குறிக்க உட்கார வைத்தார்கள். பெட்டிக்கு ஆகாத பலகைத் துண்டு ஒன்றும் நீலச் சுண்ணக்கட்டி ஒன்றுமாக, ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

முதல் வருடம் அவர் குறித்தது கொழுந்து நிறுக்கிற முறைப்படி. யார் எத்தனை கூடை போட்டார், அவ்வளவுதான். பெயருக்கு நேரே எண். அதில் எப்போதும் என் பெயர்தான் மேலே. எனக்குத் தலைகால் புரியவில்லை. அஞ்சல் நிலையத்துக்குப் போனால்கூட அந்தப் பலகைக் கணக்கைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். ஆனால் வருடாவருடம் ஹட்டனில் நகரத்து அணியோடு ஆடுகிற ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். இரண்டாம் வருடமும் தோற்றோம். முற்றம் சரிவு, நகரத்தில் தரை வேறு மாதிரி, பந்தில் காற்றுப் போதவில்லை என்று லொறியில் வரும் வழியெல்லாம் நான் காரணம் அடுக்கினேன். அருளப்பண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் தம்பி" என்றார். லொறி முழுக்கச் சிரித்தது. நான் இறங்கும் வரை அவரோடு பேசவில்லை.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் அவர் பலகையில் கோடுகள் பெருகின. கூடை போட்டதை மட்டுமல்ல, போட்டுத் தவறியதையும் குறித்தார். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எட்டிப் பிடித்தவருக்கு ஒரு வட்டம். எதிராளியிடம் இருந்து பறித்தவருக்கு ஒரு குறுக்குக் கோடு. கொடுத்த பந்து உடனே கூடையானால் கொடுத்தவருக்கு ஒரு புள்ளி. கையிலிருந்த பந்தைத் தொலைத்தவருக்கு ஒரு சுழி. பெட்டிமேல் அவர் குனிந்து குனிந்து எழுதுவதைப் பார்த்து, "அண்ணே, இது பந்தாட்டமா, பரீட்சையா?" என்று கேலி செய்தேன். தலை நிமிராமலே, "பரீட்சை எனக்குத்தான் தம்பி, நீங்க சும்மா ஆடுங்க" என்றார்.

மூன்றாம் வருடம் ஹட்டன் ஆட்டத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கையில், சின்னத்துரை அவரிடம் கேட்டார், இவ்வளவு எழுதுகிறாயே, யாரை எங்கே நிறுத்தலாம் என்று உன்னால் சொல்ல முடியுமா என்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருளப்பண்ணன் எங்கள் எல்லாரையும் சலிக்கும் அறைக்கு வரச் சொன்னார். ஆளுக்கொரு சின்னப் பலகை, அதன்மேல் பெயர், பெயரின் கீழ் அவருடைய வட்டமும் கோடும் புள்ளியும். பத்தையும் தரையில் பரப்பினார். அன்று அவர் பேசியது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "இதுவரைக்கும் நாம ஆளோட உயரத்தப் பாத்தோம். உத்தியோகத்தப் பாத்தோம். இனி ஆளப் பாக்காம, அவரு செஞ்சதப் பாப்போம். நான் மூணு சல்லட வச்சிருக்கேன். மொதல் சல்லட, பந்து எத்தன தடவ கைக்கு வந்துச்சு. ரெண்டாவது, வந்த பந்து எங்க போச்சு. மூணாவது, போன எடத்துல என்ன ஆச்சு."

ஒவ்வொரு பலகையாக எடுத்து, கேள்வி கேட்டு, நகர்த்தினார். மூன்று குவியல் ஆயிற்று. எடுக்கிறவர்கள், கொடுக்கிறவர்கள், போடுகிறவர்கள். வளையத்தின் அடியில் நாங்கள் நம்பி நிறுத்தியிருந்த நெட்டை ராஜு எடுக்கிறவர்களில் வரவே இல்லை. அவர் பந்து கீழே இறங்கி வரட்டும் என்று நிற்கிற ஆள். குட்டையான மரியதாஸ்தான் எடுக்கிறவர். பந்து எங்கே விழும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது. இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, என் பலகையை அவர் கையில் எடுக்கும் வரை. அதைக் கொடுக்கிறவர்கள் குவியலில் வைத்தார்.

எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். "நான்தானே அதிகம் போடுகிறவன்?" என்றேன். "அதிகம் எறியிறவரு நீங்க" என்றார். "நாலு எறிஞ்சா ஒண்ணு விழுது. எறியிறது அதிகம், அதனால விழுறதும் அதிகமாத் தெரியுது. ஆனா உங்க கையில பந்து வந்தா எதிராளி ரெண்டு பேரு உங்க மேல விழுறான் பாருங்க, அப்ப யாரோ ஒருத்தன் சும்மா நிக்கிறான். அவனுக்கு நீங்க குடுத்ததெல்லாம் பெரும்பாலும் கூடையாகியிருக்கு. அது யாருக்கும் வராத வேலை தம்பி." என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சிட்டிகைத் தூளை எடுத்துக் காட்டினார். "பெரிய இலை ஒசத்தி, தூளு மட்டம்னா நெனைக்கிறீங்க? ஒரே கொழுந்துதான். சல்லடை தரம் கெட்டதுன்னு சொல்லல, எதுக்கு ஆகும்னு சொல்லுது. தூளுக்கும் குடிக்கிற ஆளு இருக்கான்." என்னைத் தூள் என்கிறாரே என்றுதான் எனக்குப் பட்டது. வேறெதுவும் காதில் ஏறவில்லை.

கடைசியில் தரையில் ஒரு பலகை மீந்தது. கருப்பையாவின் பலகை. அதில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. எடுத்ததும் இல்லை, கொடுத்ததும் இல்லை, போட்டது ஒன்றோ இரண்டோ. முதல் சல்லடையிலேயே விழுந்துவிட்டது. அருளப்பண்ணன் அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கருப்பையா, ஹட்டனுக்கு ஒம்பது பேரு போதும் போலிருக்கு. நீ இந்தத் தடவை இரு" என்றார். கருப்பையா கதவோரம் நின்றிருந்தார். "சரிங்கண்ணே" என்றார். அவ்வளவுதான். தலைவன் என்ற முறையில் நானாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் என் குவியலைப் பற்றிக் கறுவிக்கொண்டிருந்தேன். கருப்பையா ஹட்டனுக்குப் போவதற்கென்று தோட்டத்துக் கடையில் ஒரு காற்சட்டை சொல்லி வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் சாயங்காலமும் அவர் ஐந்து மணிக்கு முற்றத்து ஓரம் வந்து நின்றார். ஆடவில்லை. நின்றார்.

அடுத்த வாரம் நடந்ததை நானும் கண்ணால் பார்த்தேன். மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம். கொழுந்து பறிப்பை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை, சிட்டம்மா என்ற ஒரு பெண்ணிடம், என்ன நாள் முழுக்கத் தூங்கினாயா, கூடையில் பாதிகூட இல்லையே என்று சத்தம் போட்டார். அந்தப் பெண் கூடையை டொக்கென்று கீழே வைத்தார். "எனக்கு நீங்க குடுத்த நிரை எது? பாறைக்குப் பின்னால, பாதிச் செடி செத்துப்போன நிரை. அங்க போயிப் பாருங்க, பொறவு என் எடையப் பாருங்க. மேல் நிரையக் குடுங்க, நான் தூங்குறனா பறிக்கிறனான்னு தெரியும்" என்றார். செடி வரிசையைத்தான் நாங்கள் நிரை என்போம். யாருக்கு எந்த நிரை என்பது காலையில் பிரித்துக் கொடுப்பவர் கையில். இந்த மாதிரிப் பேச்சு தினம் நடப்பதுதான். முற்றத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் சலிக்கும் அறை வாசலில் நின்ற அருளப்பண்ணன் கையிலிருந்த தேயிலையைக் கொட்டிவிட்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம், "ஆளு கொறையுது, கருப்பையா, நீயும் நில்லு" என்று அவரை ஆட்டத்தில் இறக்கினார். என் பக்கத்தில் நிறுத்தினார். நாலு நாள் சாயங்காலம் அப்படியே ஆடினோம், ஒரே ஆட்கள், ஒரே பக்கம். பலகை பெரிதாகியிருந்தது. ஐந்து பெயர் மேலிருந்து கீழே, அதே ஐந்து பெயர் இடமிருந்து வலம். யார் யாருக்குப் பந்து கொடுத்தார் என்பதற்கு மட்டும் கட்டம் போட்டிருந்தார். எதற்கு என்று எங்களிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். சல்லடைகள் நின்றிருந்தன. தூசி அடங்கியிருந்தது. பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "உங்க வரிசையப் பாருங்க தம்பி" என்றார். பார்த்தேன். மரியதாஸுக்குக் கொடுத்தது பத்துக்கு மேல். மற்ற இருவருக்கும் ஏறக்குறைய அப்படியே. கருப்பையா என்ற கட்டத்தில் ஒரு பூச்சியம். நாலு நாள் ஆட்டத்தில், பக்கத்திலேயே நின்றவருக்கு, ஒரு தடவைகூட இல்லை. மற்றவர்கள் மூன்று, இரண்டு என்று ஏதோ கொடுத்திருந்தார்கள். என்னுடையது மட்டும் சுத்தமான பூச்சியம்.

நான் கத்தினேன். "என்னை என்ன சாதி பார்க்கிறவன் என்கிறீர்களா? லயத்தில் குடியிருக்கும் கூலியாள் என்று ஒதுக்குகிறவன் என்கிறீர்களா? எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது" என்றேன். எங்கள் தாத்தா கூலியாட்களைக் கட்டி மேய்த்த பெரிய கங்காணி. எங்கள் வீட்டில் அதெல்லாம் தாராளமாக இருந்தது. ஆனால் படித்தவன் நான், எனக்கு இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். சத்தியமாக நம்பினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் ஒண்ணும் சொல்லல தம்பி. எண்ணினேன், அவ்வளவுதான். உங்களுக்கே தெரியாம நடந்திருக்கு. தெரிஞ்சு செஞ்சா அங்கிட்டும் இங்கிட்டும் ஒண்ணு ரெண்டு கண்துடைப்புக்காச்சும் குடுத்திருப்பீங்க" என்றார். தெரிந்து செய்திருந்தாலே தேவலாம் போலிருந்தது.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, என் வரிசையை முழுக்கத் துடைத்தார். பூச்சியமும் போயிற்று, மரியதாஸின் பத்தும் போயிற்று. "இத நீங்க பாத்தாப் போதும். வேற யாரும் பாக்க வேண்டியதில்ல" என்றார். அழிந்த இடத்தில் நீலத் தீற்றல் மட்டும் இருந்தது. நான் நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்தேன்.

மறுநாள் காலையில் அவர் அடுப்படிக்குப் போனார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பின்னாலேயே போனேன். என் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம். விறகுக் குவியலுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் நடந்தது அதுதான். "கருப்பையா, தப்பு என்னுது" என்றார் அருளப்பண்ணன். "நிரை குடுக்காம எடையப் பாத்துட்டேன். உனக்குப் பந்து வரல. வராத பந்தை வச்சு நீ ஆக மாட்டேன்னு நானே எழுதிட்டேன். மன்னிச்சிரு." அந்தக் காலத்தில் பொறுப்பில் உள்ளவர் ஒருவர் அடுப்புக்காரரிடம் மன்னிப்புக் கேட்பது நீங்கள் எங்கும் காணக்கூடிய காட்சி அல்ல. கருப்பையா பதறிப்போனார். "ஐயய்யோ, என்னண்ணே நீங்க. பெரிய வார்த்தயெல்லாம் பேசிக்கிட்டு" என்றார். பிறகு கட்டை ஒன்றை அடுப்பில் வீசிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒண்ணு சொல்லவாங்க? மத்தவங்க டேய் இங்கடா, மச்சான் இங்கடான்னு கத்துறாங்க. நான் கிளாக்கரய்யான்னு கூப்பிடணும். கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள பந்து போயிருதுங்க. அதான் கைய மட்டும் தூக்கிக்கிட்டு நிப்பேன்."

அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். மூன்று வருடமாக ஓரத்தில் உயர்ந்து நின்ற கை அது. ஏதோ மழை வருகிறதா என்று பார்க்கிறார் என்பதுபோல் தாண்டிப் போயிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அருளப்பண்ணன் எல்லாரையும் பனியனைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். தேயிலைப் பெட்டியில் எண் அடிக்க வைத்திருக்கும் எழுத்து வெட்டிய தகடுகளை எடுத்து வந்து, முதுகிலும் நெஞ்சிலும் கறுப்பு மையால் எண் அடித்தார். கூடைப்பந்தில் எண் நாலில்தான் தொடங்கும். தலைவன் நான், நாலு. கருப்பையா பதின்மூன்று. "இனி கோட்டுக்குள்ள ஐயா இல்ல, அண்ணன் இல்ல, பேரும் இல்ல. எண்ணச் சொல்லித்தான் கூப்பிடணும். கோட்டுக்கு வெளிய வந்ததும் உங்க இஷ்டம்" என்றார். ஏன் இந்தப் புது விதி என்று நெட்டை ராஜு கேட்டார். "என் கணக்கு தப்பாயிருச்சுப்பா. பேர வச்சு எழுதுனா கொழம்புது. எண்ணா இருந்தா எழுத வசதி" என்றார் அருளப்பண்ணன். கருப்பையாவை மறுபடி அணியில் சேர்த்ததற்கும் அதையே சொன்னார். என் கணக்கு தப்பு, என் கணக்கு தப்பு என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லாரும் அவரைக் கிண்டல் செய்தார்கள். நானும் அந்தச் சிரிப்பில் சேர்ந்து சிரித்தேன்.

ஹட்டனில் அன்று தூறல். பந்து வழுக்கியது. முதல் பாதியில் நான் பழைய புத்தியில் எறிந்துகொண்டே இருந்தேன், ஒன்றும் விழவில்லை. இரண்டாம் பாதி தொடங்கி, வழக்கம்போல் இரண்டு பேர் என்மேல் விழுந்தார்கள். வலப்பக்க ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நாலு!" அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. மூன்று வருடம் கூட ஆடியவர் குரல் எனக்குத் தெரியவில்லை. பார்க்காமலே கொடுத்தேன். கருப்பையா அடுப்பு வாயைப் பார்ப்பது போல் வளையத்தைப் பார்த்து வீசினார். விளிம்பில் படாமல் உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு, "நாலு! நாலு!" என்று அவர் கத்தக் கத்த, நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் எதிரணியின் தலைவர் தம் ஆட்களிடம் சிங்களத்தில், பதின்மூன்றை விடாதே, பதின்மூன்றைப் பிடி என்று கத்தினார். கருப்பையாவைப் பார்த்துப் பயந்து யாரோ கத்துவது அவருடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

நாங்கள் தோற்றோம். ஒரே ஒரு கூடையில் தோற்றோம். அடுத்த வருடம் வென்றோம், அதற்கடுத்த வருடமும் வென்றோம். ஆனால் எல்லாரும் நினைவு வைத்திருப்பது தோற்ற அந்த ஆட்டத்தைத்தான். லொறியில் திரும்பும்போது கருப்பையா இருக்கைப் பலகைமேல் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார். புதுக் காற்சட்டை அழுக்காகிவிடும் என்று சொன்னார். அருளப்பண்ணன் குலுங்குகிற லொறியில் பலகையை மடியில் வைத்து எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். என் வரிசையில், பதின்மூன்றுக்கு நேரே, புள்ளிகள் நெருங்கி நின்றன. என்னைப் பார்த்து, "போதுமா தம்பி?" என்றார்.

பிறகு நான் மாற்றலாகிப் போனேன், பெரிய கிளாக்கரும் ஆனேன். ஒரு தடவை அவர் என்னைப் பார்க்க வந்திருந்தபோது, தொழிற்சாலையில் ஒருவரைப் பற்றி, இவன் எதற்கும் உதவாதவன் என்று சலித்துக்கொண்டேன். தேநீரை ஆற்றிக்கொண்டே, "அவருக்கு எந்த நிரையக் குடுத்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. யாரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல வாயெடுக்கும்போது அது முன்னால் வந்து நிற்கிறது. இலங்கையில் இருக்கிறவர், இந்தியாவுக்குப் போகிறவர் என்று காகிதத்தை வைத்து மனிதர்களைக் குவியல் குவியலாகப் பிரிக்கிற காலம் இது. பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியை அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்காக அவருக்கு நான் என்றென்றைக்கும் நன்றி உள்ளவன். அவரிடம் இதை நேரில் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், சரி சரி, வெத்தல போடுங்க என்று பேச்சை மாற்றியிருப்பார்.

அடக்கத்தன்று மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது கருப்பையா என்னோடு நடந்து வந்தார். முடி நரைத்துவிட்டது, அடுப்படிப் புகையில் இருமலும் வந்திருக்கிறது. "அண்ணே மட்டும் அன்னைக்கு அடுப்படிக்கு வரலேன்னா, எனக்கு ஆட வராதுன்னே நான் சாகுற வரைக்கும் நெனச்சிருப்பேங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா ஒண்ணுங்க. அண்ணே கணக்குல தப்பே வராது. எப்படித்தான் என் கணக்கு மட்டும் தப்பிப்போச்சோ" என்றார். நான் தலையை ஆட்டினேன். முழுப் பூசணிக்காயை மறுபடியும் ஒருமுறை சோற்றில் மறைத்தேன்.

பத்து வருடமாக அவர் என் பெயரைக் காப்பாற்றினார் என்றுதான் நினைத்திருந்தேன். இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் வேறு மாதிரித் தோன்றுகிறது. நானே ஒருநாள் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். கடைசிவரை ஒரு வார்த்தை கேட்காமல் காத்திருந்தார். அந்தப் பொறுமையைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறேன். அவர் இருக்கும்போது சொல்லாமல் போனது என் குறை.

கருப்பையா, நீங்கள் இங்கே எங்காவது ஓரமாகத்தான் நின்றுகொண்டிருப்பீர்கள். அண்ணனுடைய கணக்கு தப்பவில்லை. நாலு சாயங்காலம் உங்களுக்கு ஒரு தடவைகூடப் பந்து கொடுக்காதவன் நான். அன்று அடுப்படியில் அவர் உங்களிடம் கேட்ட மன்னிப்பு, நான் கேட்டிருக்க வேண்டியது.